கட்டளைவரிக் கருவியில் பழையதை மாற்றப் போகிறீர்களா? படிப்படியாக ஒரு வழிகாட்டி

எங்கள் அலுவலகத்தில் ஒரு சின்னக் கட்டளைவரிக் கருவி, அதாவது கட்டளையை எழுத்தில் அடித்து ஓட்டும் புரோகிராம், ஓடுகிறது. எழுதியவன் நான், பராமரிப்பதும் நான்தான். நிஜப் பெயர் எதற்கு, இங்கே 'மூட்டை' என்று வைத்துக்கொள்வோம். ராத்திரியில் சில ஃபோல்டர்களைச் சுருக்கி, மூட்டையாகக் கட்டி, இன்னொரு மெஷினில் கொண்டுபோய் வைக்கும். 'மூட்டை பட்டியல்' என்று அடித்தால் கையிருப்பில் உள்ளதையெல்லாம் வரிக்கு ஒன்றாகக் காட்டும்: தேதி, அளவு, பெயர். அளவு பைட் கணக்கில் வரும். 1288490188 என்று ஒரு எண் கண்ணில் பட்டால் யாருக்கு என்ன புரியும்? ஒரு நாள் அதை '1.2ஜி', '850எம்' என்று வரும்படி மாற்றினேன். இரண்டு பேர் நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார்கள்.

பதினோராவது நாள் டிஸ்க் நிரம்பிவிட்டது.

பக்கத்து டீமில் ஒருவர் எப்போதோ எழுதிப் போட்ட கிரான் ஸ்கிரிப்ட் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் சின்ன நிரல்) ஒன்று தினமும் அந்த இரண்டாவது நெடுவரிசையைக் கூட்டிப் பார்த்து, மொத்தம் ஒரு எல்லையைத் தாண்டினால் பழைய மூட்டைகளை அழித்துக்கொண்டிருந்தது. '1.2ஜி' என்பதை அது 1.2 என்று படித்தது. மொத்தமே சில ஆயிரம் பைட்தானே என்று நினைத்துக்கொண்டு எதையும் அழிக்கவில்லை. எரர் இல்லை, மெயில் இல்லை. ஸ்கிரிப்ட் ஒவ்வொரு ராத்திரியும் வெற்றிகரமாக முடிந்தது.

பழையதைத் தொடவே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. தொட வேண்டிய நேரம் வரும். ஆனால் உடைவது உடைகிற இடத்திலேயே சத்தமாக உடைய வேண்டும். மௌனமாக அர்த்தம் மாறுவதுதான் ஆபத்து. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஒரு எண்ணத்தைச் சுற்றித்தான் வருகின்றன.

படி 1: எதையெல்லாம் நம்பியிருக்கிறார்கள் என்று எழுதிப் பாருங்கள்

உங்கள் கருவியின் ஒப்பந்தம் மேனுவலில் இருக்கிறது என்று நினைப்பீர்கள். கூகுளில் வேலை பார்த்த ஹைரம் ரைட்டின் பெயரால் ஒரு விதி சொல்வார்கள்: பயன்படுத்துபவர்கள் போதுமான அளவு பெருகிவிட்டால் நீங்கள் என்ன வாக்குக் கொடுத்தீர்கள் என்பது பொருட்டே இல்லை; வெளியே தெரிகிற ஒவ்வொரு நடத்தையையும் யாரோ ஒருவர் நம்பியிருப்பார். நெடுவரிசை இரண்டில் பைட் எண் வரும் என்று நான் எங்கேயும் எழுதிவைக்கவில்லை. ஆனாலும் அது ஒப்பந்தமாகியிருந்தது.

ஒரு தாளை எடுத்து எழுதுங்கள். ஆப்ஷன்களும் (கட்டளையோடு '-' போட்டு அடிப்பவை) துணைக்கட்டளைகளும் ('பட்டியல்' போன்றவை) முதலில் நினைவுக்கு வரும், அவை சுலபம். பிறகு டீஃபால்ட்: ஒன்றும் கொடுக்காமல் அடித்தால் என்ன நடக்கிறது? வழக்கமான அவுட்புட்டில் எது வருகிறது, பிழைச் செய்திகளுக்கென்று தனியாக உள்ள எரர் வழியில் எது வருகிறது? வரிசை எப்படி, இடைவெளி எத்தனை, தேதி எந்த வடிவம்? எந்தச் சூழல் மாறிகளை (கருவிக்கு வெளியே சிஸ்டத்தில் அமைத்துவைக்கும் மதிப்புகளை) படிக்கிறது? கன்ஃபிக் ஃபைலை எங்கே தேடுகிறது? உருவாக்கும் ஃபைல்களுக்கு என்ன பெயர் வைக்கிறது?

அந்தக் கடைசிக் கேள்வியை லேசாக விடாதீர்கள். கன்டெய்னர் எனும் தனித்தனிப் பெட்டிகளில் புரோகிராம்களை ஓட்டும் டாக்கர் கம்போஸ், பைத்தானில் எழுதிய முதல் வெர்ஷனிலிருந்து கோ மொழியில் எழுதிய இரண்டாவதுக்கு மாறியபோது, கன்டெய்னர் பெயர்களின் நடுவே இருந்த அடிக்கோடு இணைப்புக்கோடாக மாறியது. ஒரே ஒரு எழுத்து. கன்டெய்னர் பெயரை நேரடியாக எழுதிவைத்திருந்த ஸ்கிரிப்ட் எல்லாம் 'அப்படி ஒன்று இல்லை' என்று நின்றது. பழைய பெயர் முறையே வேண்டும் என்பவர்களுக்கு ஒரு ஆப்ஷன் வைத்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

எக்ஸிட் கோட் இன்னொன்று: முடியும்போது, வென்றதா தோற்றதா என்று சொல்லக் கருவி விட்டுச்செல்லும் எண். ஃபைலுக்குள் எழுத்துகளைத் தேடும் கிரெப் கட்டளை, பொருத்தம் கிடைத்தால் 0, கிடைக்காவிட்டால் 1, வேறு கோளாறு என்றால் 2 தரும். 'கிடைக்கவில்லை' என்பதும் 'தேடவே முடியவில்லை' என்பதும் வேறு வேறு என்று ஸ்கிரிப்ட் பிரித்துப் பார்ப்பது அந்த எண்களை வைத்துத்தான். உங்கள் கருவி எல்லாத் தோல்விக்கும் 1 தந்துகொண்டிருந்து, ஒரு நாள் ஒழுங்குபடுத்தலாம் என்று அதை 1, 2, 3 எனப் பிரித்தால், சரியாக 1 வருகிறதா என்று பார்த்த ஸ்கிரிப்ட்டுகளை உடைத்துவிட்டீர்கள்.

படி 2: உடைக்காமலே முடியுமா என்று பாருங்கள்

பாதி நேரம் முடியும். அவுட்புட் அழகாக வேண்டும் என்றால் பார்க்கிறவர் மனிதரா, இன்னொரு புரோகிராமா என்று கருவியே கண்டுகொள்ளலாம். ஃபைல் பெயர்களைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையை டெர்மினலில் (கட்டளை அடிக்கும் திரையில்) அடித்தால் பல நெடுவரிசைகளில் விரித்துக் காட்டும். பைப்பில் விட்டால், அதாவது இன்னொரு புரோகிராமுக்கு ஊட்டினால், வரிக்கு ஒரு பெயர். நானும் 'ஜி', 'எம்' அளவுகளை டெர்மினலுக்கு மட்டும் காட்டியிருந்தால் அந்த டிஸ்க் நிரம்பியிருக்காது.

இப்படிப்பட்ட அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பான ஜிஎன்யூ கோர்யூட்டில்ஸின் 2016 ஜனவரியில் வந்த 8.25இல் எல்எஸ் ஒரு மாற்றம் கண்டது. பெயருக்குள் இடைவெளி போன்றவை இருந்தால் ஒற்றை மேற்கோள்குறிக்குள் காட்டத் தொடங்கியது. பலருக்குக் கோபம் வந்தது. பல வருஷம் பார்த்துப் பழகிய திரை சட்டென்று வேறு மாதிரி இருந்தால் வராதா? ஆனால் அந்த மாற்றம் டெர்மினலில் மட்டும்தான். பைப்பில் போனவை பழையபடியே போயின. பழைய காட்சி வேண்டுமென்றால் ஒரு ஆப்ஷனும் ஒரு சூழல் மாறியும் இருந்தன. கோபம் வேறு, உடைப்பு வேறு. கோபத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு வழி, புரோகிராம்களுக்கென்று ஒரு தனி அவுட்புட்டை ஒதுக்கி அதை மாற்றமாட்டோம் என்று வாக்குக் கொடுப்பது. நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ஜிட்டில், நிலவரம் காட்டும் ஸ்டேட்டஸ் கட்டளைக்கு 'போர்சிலின்' என்ற ஆப்ஷன் அதற்குத்தான். அந்த வடிவத்தில் போதாமை தெரிந்தபோது 2016இல் பக்கத்திலேயே இரண்டாம் வடிவம் ஒன்றைச் சேர்த்தார்கள். முதல் வடிவத்தில் கை வைக்கவில்லை. டெபியன் லினக்ஸில் மென்பொருள் நிறுவ ஆப்ட், ஆப்ட்-கெட் என்று இரண்டு இருப்பதும் இதே கதைதான். ஆப்ட் மனிதர்களுக்கு, அதன் அவுட்புட்டைப் பைப்பில் விட்டால் 'எனக்கு நிலையான இடைமுகம் கிடையாது, ஸ்கிரிப்ட்டில் கவனம்' என்று அதுவே எச்சரிக்கும். ஆப்ட்-கெட் ஸ்கிரிப்ட்டுகளுக்கு, அது பெரிதாக மாறுவதில்லை.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. நிரல்களைத் தொகுத்துக் கட்டும் மேக் கருவியை 1976இல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதினார். அது படிக்கும் ஃபைலில் கட்டளை வரிகள் டேப் எழுத்தில்தான் தொடங்க வேண்டும் என்ற விதியைத் திருத்தலாம் என்று தோன்றியபோது, அதைப் பயன்படுத்துபவர்கள் ஒரு டஜன் பேர் ஆகிவிட்டார்கள், பெரும்பாலும் நண்பர்கள். அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டார். டேப்புக்குப் பதில் ஸ்பேஸ் போட்டு மண்டையை உடைத்துக்கொள்ளும் புதியவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அதனால் உங்கள் கருவி பிறந்து சில மாதம்தான் ஆகிறது, பயன்படுத்துபவர்களை விரல்விட்டு எண்ணலாம் என்றால், ஒவ்வொருவரிடமும் நேரில் போய்ச் சொல்லிவிட்டு இன்றே மாற்றிவிடுங்கள். இதைவிடச் சுலபமான நாள் இனி வராது.

படி 3: இது எந்த வகை உடைப்பு?

மாற்றத்தான் வேண்டும் என்று முடிவாகிவிட்டால் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: பழைய ஸ்கிரிப்ட் புதிய கருவியோடு ஓடினால் என்ன ஆகும்? எரர் கொடுத்து நின்றால் அது சத்தமான உடைப்பு. ஓடி முடிந்து வேறு வேலையைச் செய்தால் மௌனமான உடைப்பு.

மூட்டையில் '-அ' என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது என்று வையுங்கள். 'அனைத்தும்' என்பதன் சுருக்கம். அதைப் பெரிதாக யாரும் பயன்படுத்தவில்லை என்று எடுத்துவிடுகிறீர்கள். ஆறு மாதம் கழித்து 'அழி' என்ற புதிய வசதிக்கு ஒரு எழுத்து தேவைப்படுகிறது. '-அ' காலியாகத்தானே கிடக்கிறது! அதைக் கொடுத்தீர்களோ, எங்கோ ஒரு மெஷினில் அனைத்தையும் கட்டிவைக்கச் சொன்ன பழைய ஸ்கிரிப்ட் இன்று ராத்திரி அனைத்தையும் அழிக்கும். ஒருமுறை பொருள் கொடுத்த பெயருக்கு வேறு பொருள் கொடுக்காதீர்கள். எழுத்து வீணாகப் போனால் போகட்டும்.

மௌனமான உடைப்பைச் சத்தமானதாக மாற்ற அநேகமாக எப்போதும் வழி இருக்கும். பொருள் மாறினால் பெயரையும் மாற்றுங்கள். பழைய பெயர் எரர் கொடுக்கட்டும். அவுட்புட் வடிவம் மாறினால் புதிய வடிவத்துக்குப் புதிய துணைக்கட்டளை வையுங்கள். டீஃபால்ட் மாறியே தீர வேண்டும் என்றால், குறைவாகச் செய்யும் பக்கம் மாற்றுங்கள்.

கடைசியில் சொன்னதற்கு ஜிட் நல்ல உதாரணம். முன்பு வெறுமனே ஜிட் புஷ் (உங்கள் வேலையைச் சர்வருக்கு அனுப்பும் கட்டளை) என்று அடித்தால், இரண்டு பக்கமும் ஒரே பெயரில் உள்ள எல்லாக் கிளைகளும் (தனித்தனியாக வளரும் வேலைப் பிரதிகள்) போகும். பாதி வேலையில் விட்டுவைத்த கிளையும் சேர்ந்து போய்விடும். 2014 மே மாதம் வந்த 2.0இலிருந்து நீங்கள் நிற்கிற கிளை மட்டும்தான் போகும். மாற்றம் பெரியது. ஆனால் பழைய பழக்கத்தில் அடித்தவருக்கு நேர்ந்தது, இரண்டு கிளை போகவில்லையே என்ற குழப்பம் மட்டுமே. திசை எதிராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

படி 4: யார் பயன்படுத்துகிறார்கள் என்று தேடுங்கள்

அலுவலகக் கருவி என்றால் எல்லா ரெப்பாசிட்டரிகளிலும் (நிரல் சேமிப்பிடங்களிலும்) அதன் பெயரைத் தேடுங்கள். கிரான் பட்டியல்கள், பில்ட் கன்ஃபிக், விக்கிப் பக்கங்கள், யாரோ ஒருவர் ஹோம் ஃபோல்டரில் வைத்திருக்கும் 'டெம்ப்2' என்ற ஸ்கிரிப்ட். கடைசியில் சொன்னது கிடைக்கவே கிடைக்காது, அது தெரிந்ததுதான்.

தேடும்போது சுருக்கிய ஆப்ஷன்களையும் நினைவில் வையுங்கள். ஜிஎன்யூ பாணி நீள ஆப்ஷன்களில், குழப்பம் இல்லாதவரை முதல் சில எழுத்துகளை அடித்தாலே போதும். '--வெளியீடு' மட்டும் இருக்கும்போது '--வெளி' என்று எழுதினாலும் ஓடும். நாளை '--வெளிப்படை' என்று புதிதாக ஒன்றைச் சேர்த்தால் '--வெளி' இரண்டுக்கும் பொருந்துகிறது என்று எரர் வரும். எதையும் எடுக்காமல், ஒன்றைச் சேர்த்ததாலேயே உடைந்துவிட்டது! பைத்தானில், ஆப்ஷன்களைப் படிக்க உதவும் ஆர்க்பார்ஸ் வைத்து எழுதுபவர்களுக்கு 3.5 வெர்ஷனிலிருந்து இந்தச் சுருக்கத்தை அணைக்க வழி இருக்கிறது. புதிய கருவி என்றால் முதல் நாளே அணைத்துவிடுங்கள்.

படி 5: புதியதை முதலில் கொடுங்கள்

இந்த வரிசை மாறக்கூடாது. புதிய வழி ஒரு ரிலீஸிலாவது பழையதோடு சேர்ந்து ஓட வேண்டும். அதற்குப் பிறகுதான் எச்சரிக்கை, பிறகு டீஃபால்ட் மாற்றம், எல்லாம் முடிந்து நீக்கம். 'பழையது போகிறது' என்று சொல்லும் நாளில் போவதற்கு ஓர் இடம் இருக்க வேண்டுமல்லவா?

பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப், எந்தத் தொகுப்புக்கு வேறு எவை தேவை என்று கணக்கிடும் இயந்திரத்தையே 2020இல் மாற்றியது. ஜூலையில் வந்த 20.2இல் விரும்பியவர்கள் ஒரு ஆப்ஷன் கொடுத்துப் புதியதைச் சோதித்துப் பார்க்கலாம். நவம்பர் இறுதியில் வந்த 20.3இல் புதியதே டீஃபால்ட். பழையது வேண்டுவோருக்கு வேறொரு ஆப்ஷன். மெஷின்களுக்கிடையே ஃபைல் நகலெடுக்கும் எஸ்சிபி கட்டளையையும் ஓபன்எஸ்எஸ்எச் இப்படித்தான் மாற்றியது. பழைய நெறிமுறையில் ஃபைல் பெயரை மறுமுனையின் ஷெல் (கட்டளைகளைப் படித்து ஓட்டும் நிரல்) விரித்துப் படிக்கும். மேற்கோளுக்குள் மேற்கோள் போட வேண்டும், பாதுகாப்புக்கும் நல்லதில்லை. 2021 ஆகஸ்டில் வந்த 8.7 எஸ்எஃப்டிபி என்ற வேறு நெறிமுறை வழியே போகும் சோதனை ஆப்ஷனைக் கொடுத்தது. 2022 ஏப்ரலில் 9.0 அதையே டீஃபால்ட் ஆக்கியது. பழைய சர்வரோடு பேச வேண்டியவர்களுக்குப் பெரிய எழுத்து 'ஓ' ஆப்ஷன். ஒரே எழுத்துதான். அவசரத்தில் கை வைக்கிற இடத்தில் தப்பிக்கும் கதவு இருக்க வேண்டும்.

படி 6: எச்சரிக்கை

இங்கேதான் நல்லவர்களும் சறுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ரிலீஸ் குறிப்பில் எழுதிவிட்டால் சொல்லியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். 2008 ஆகஸ்டில் ஜிட் 1.6.0, இணைப்புக்கோடு போட்டு அடிக்கும் கட்டளைகளை, ஷெல் தேடிப் பார்க்கும் பாதையிலிருந்து எடுத்து வேறு ஃபோல்டருக்கு மாற்றியது. முன்கூட்டியே குறிப்புகளில் எழுதித்தான் இருந்தார்கள். ஆனாலும் கூச்சல் எழுந்தது. குறிப்பை யார் படிக்கிறார்கள்? கருவி ஓடும்போது அதன் வாயாலேயே சொல்ல வேண்டும். 2.0 நேரத்தில் ஜிட் அதைச் செய்தது: புஷ் எப்படி நடக்க வேண்டும் என்று அமைக்காமல் இருந்தவர்களுக்கு, பழையபடி வேண்டுமா இதை அடி, புதியது வேண்டுமா அதை அடி என்று இரண்டு கட்டளைகளையும் காட்டியது.

ஆனால் எச்சரிக்கையும் ஒரு மாற்றம்தான். கிரெப்பின் பழைய மாற்று வடிவங்களான ஈகிரெப், எஃப்கிரெப் இரண்டையும் விட்டுவிடச் சொல்லி 2007இலிருந்தே ஆவணத்தில் இருந்தது. 2022 செப்டம்பரில் கிரெப் 3.8 வந்தபோது முதன்முறையாக அவை ஒவ்வொரு முறை ஓடும்போதும் எரர் வழியில் ஒரு வரி எழுதத் தொடங்கின. எரர் வழியில் ஏதாவது வந்தாலே தோல்வி என்று கொள்ளும் சோதனைகள் உலகில் எத்தனையோ உண்டு. டெபியனில் 2021இல், ஒரு புரோகிராம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் விச் கட்டளை 'நான் வழக்கொழிகிறேன்' என்று சொல்ல ஆரம்பித்து, அதே மாதிரி பில்ட்டுகள் தடுமாறி, விவகாரம் தொழில்நுட்பக் குழுவரை போனது. விச் அப்படி எச்சரிக்கக்கூடாது என்று அந்தக் குழு முடிவு செய்தது. என் அபிப்பிராயம் கேட்டால், ஈகிரெப்பைத் தொட்டிருக்கவே வேண்டாம். அது யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யவில்லை. வைத்திருக்க ஆகும் செலவு ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட். அழகுக்காக உடைப்பது நியாயமில்லை.

எச்சரிக்கத்தான் வேண்டும் என்றால் எரர் வழியில் மட்டும் எழுதுங்கள். வழக்கமான அவுட்புட்டில் கலந்தால் அதைப் படிக்கும் ஸ்கிரிப்ட் அதையும் தரவாக எடுத்துக்கொள்ளும். எக்ஸிட் கோடை மாற்றாதீர்கள். ஒரு ஓட்டத்துக்கு ஒருமுறை போதும். வாசகம் இப்படி இருக்கலாம்:

மூட்டை: '--சுருக்கு' 3.0இல் நீக்கப்படும். பதிலாக '--அழுத்து' பயன்படுத்துங்கள். இந்த வரி வேண்டாமென்றால்: மூட்டை_எச்சரிக்கை=0

என்ன போகிறது, பதில் என்ன, எப்போது போகிறது, வாயை எப்படி அடைப்பது. நாலும் இருக்க வேண்டும். 'வருங்காலத்தில் நீக்கப்படலாம்' என்று எழுதினால் யாரும் அசையமாட்டார்கள், நானும் அசையமாட்டேன்.

எவ்வளவு நாள் எச்சரிப்பது? அலுவலகக் கருவிக்கு ஒரு காலாண்டு போதும் என்பது என் அனுபவம்; மாதக் கடைசியில் மட்டும் ஓடும் ஸ்கிரிப்ட்டுகளும் அதற்குள் மூன்று முறை ஓடிவிடும். வருஷக் கணக்கு முடிக்கும் ஸ்கிரிப்ட் இருந்தால் அதற்குரியவரிடம் நேரில் பேசுங்கள். உலகமே பயன்படுத்தும் கருவி என்றால் வருஷக் கணக்கில் ஆகும். ஆப்ஷன்களைச் சூழல் மாறி வழியே கிரெப்புக்கு ஊட்டும் வசதியை 2014இல் வந்த 2.21 எச்சரித்தது, 2020இல் வந்த 3.6இல்தான் அது முற்றாக நின்றது.

படி 7: மாற்றும் நாள்

வெர்ஷன் எண்ணின் முதல் இலக்கத்தை ஏற்றுங்கள். ஒரே ரிலீஸில் உடைப்பையும் புதிய வசதிகளையும் கலக்காதீர்கள். திரும்பிப் போக நினைப்பவருக்கு எதை இழக்கிறோம் என்று தெரியாமல் போகும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேண்டவே வேண்டாம், இதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

படி 8: நீக்கிய பிறகும் கல்லறை வையுங்கள்

'--சுருக்கு' என்று யாராவது அடித்தால் 'தெரியாத ஆப்ஷன்' என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். தெரியாததா? போன வருஷம்வரை நீங்களே கொடுத்ததுதானே. '3.0இல் நீக்கப்பட்டது, '--அழுத்து' பயன்படுத்தவும்' என்று சொல்லி, தோல்விக்கான எக்ஸிட் கோடோடு வெளியேறட்டும். நாலு வரி நிரல்தான். அதை அங்கேயே விட்டுவைத்தால், வேறு பொருளில் அந்தப் பெயரை மறுபடி எடுக்கும் ஆசையும் உங்களுக்கோ உங்களுக்குப் பின் வருபவருக்கோ வராது.

படி 9: ஒப்பந்தத்தைச் சோதனையாக எழுதுங்கள்

முதல் படியில் எழுதிய தாள் இப்போது கைகொடுக்கும். அதில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட்: கருவியை வெளியிலிருந்து ஓட்டி, அவுட்புட்டையும் எரர் வழியையும் எக்ஸிட் கோடையும் பிடித்து, சேமித்துவைத்த பழைய பிரதியோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். உள்ளே இருக்கும் ஃபங்ஷன்களைச் சோதிப்பது இதற்கு ஈடாகாது. நான் அளவை மாற்றிய அன்று என் யூனிட் டெஸ்ட் எல்லாம் பச்சையாகத்தான் இருந்தன, ஏனென்றால் அவற்றையும் சேர்த்தே மாற்றியிருந்தேன். பழைய பிரதி மாறும்போது இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்று ஒரு விதி வையுங்கள். பைப்பில் ஒருமுறை, போலி டெர்மினலில் ஒருமுறை என இரண்டு விதமாகவும் ஓட்டுங்கள்.

மூட்டையில் இப்போது 'பட்டியல்' பைப்பில் போனால் பைட் எண்தான் வரும். டெர்மினலில் 'ஜி', 'எம்'. புரோகிராம்களுக்கென்று '--வடிவம்=1' என்று ஒன்று சேர்த்திருக்கிறேன்; அடுத்த வடிவம் வந்தால் அது 2 ஆகும், 1 அப்படியே இருக்கும். அந்தக் கிரான் ஸ்கிரிப்ட்டை எழுதியவரிடம் போய், உங்களதில் '--வடிவம்=1' சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். "ஓடுறதை எதுக்குங்க தொடணும்?" என்றார். அவர் இன்னும் சேர்க்கவில்லை. அந்த இரண்டாவது நெடுவரிசைக்குச் சோதனையில் தனியாக ஒரு ஃபைல் வைத்து, மேலே அவர் ஸ்கிரிப்ட்டின் பெயரையும் எழுதிவைத்திருக்கிறேன்.